‘லேசான சர்க்கரை’ என்று மாத்திரையை விடலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 58. வெறும் வயிற்றில் சர்க்கரை 142, மூன்று மாத சராசரி (HbA1c) 7.6 சதவீதம். “எனக்கு லேசான சர்க்கரைதான்” என்று பாதி நாள் மாத்திரையை விட்டுவிடுகிறார். இன்சுலின் போடும் மாமாவுக்குத்தான் நோய் முற்றிவிட்டது என்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடக்கவும் நேர்ந்திருக்கிறார். அம்மாவுக்கு நோய் எவ்வளவு கடுமை?

பதில்: வெறும் வயிற்றில் 126, மூன்று மாத சராசரி 6.5, இவற்றைத் தொட்டாலே சர்க்கரை நோய்தான். அம்மா இரண்டையும் தாண்டிவிட்டார். 7.6 என்றால் ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் சராசரியாக 170 மில்லிகிராம் அளவுக்குச் சர்க்கரை ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தசோகை இருந்தால் இந்தச் சராசரி தவறாகக் காட்டக்கூடும், ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் நோயின் கடுமையை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே 7.6 உள்ள இருவரில் ஒருவருக்கு உடம்பில் ஒரு பாதிப்பும் இருக்காது. இன்னொருவருக்குச் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது ஆளைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படும் முன்பே பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். அதனால் ‘இப்போதுதானே வந்தது’ என்று தள்ளிப்போடக் கூடாது.

முதலில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற பரிசோதனை. அல்புமினுக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 30க்குள் (ஒரு கிராமுக்கு மில்லிகிராம்) இருக்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிறுநீரகம் கணிசமாகப் பழுதான பிறகுதான் அது ஏறும். அல்புமினோ முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும் நாளில் இந்தப் பரிசோதனை வேண்டாம். அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை. மதுரையில் 1976 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும்போது இதற்கு வேறெங்கும் அலைய வேண்டாம். பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரை கெடத் தொடங்கியிருக்கலாம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் மங்கும், துணைக்குப் போங்கள். ரத்த அழுத்தமும் கொழுப்பும் எப்படியும் பார்ப்பார்கள்.

மாமா விஷயத்தில் ஊர் சொல்வது தவறு. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகள் முதல் நாளிலிருந்தே இன்சுலின் போடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்காகத் தற்காலிகமாகப் போட்டு நிறுத்துபவர்களும் உண்டு. மாமாவின் சர்க்கரை கட்டுக்குள் இருந்து, கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால், மாத்திரையைப் பாதி நாள் விடும் அம்மாவைவிட அவர்தான் நல்ல நிலையில் இருக்கிறார். இதை அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

பழனி நேர்த்திக்கடனை நான் தடுக்கப்போவதில்லை. புறப்படும் முன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் நடை கூடவே கூடாது: சுடும் தார்ச்சாலையும் நெருஞ்சி முள்ளும் தெரியாமலே புண்ணாகிவிடும். உணர்ச்சி நன்றாக இருந்தாலும் மென்மையான செருப்போடு போவதே என் விருப்பம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர் என்றால், விரதமும் நடையும் சேர்ந்து சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். அந்த நாட்களுக்கான அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, மடியில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துக்கொள்ளட்டும். தங்கும் இடத்தில் இரவுதோறும் விரலிடுக்கு வரை பாதத்தைப் பார்த்துவிடுங்கள். கொப்புளம் தெரிந்தால் உடைக்காமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.