எள்ளுச் செடியில் கொம்புப் புழு, விளக்கடியில் மண்டையோட்டுப் பூச்சி

கேள்வி: மூதூர்ப் பக்கம் அரை ஏக்கர் எள்ளு போட்டிருக்கிறேன். இப்போது பூக்கிற நேரம். விரல் மொத்தத்தில், வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழு இலைகளை மொட்டையாக்குகிறது. போன கிழமை இரவு, முதுகில் மண்டையோடு கீறினது போல ஒரு பெரிய பூச்சி விளக்குக்கு வந்தது, பிடித்ததும் கீச்சிட்டது. கெட்ட சகுனம் என்கிறார் அம்மா. கொம்பு கொட்டுமா? என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: தம்பி, புழுவும் பூச்சியும் ஒரே ஆள்தான். எள்ளுக்கு வழக்கமாக வரும் மண்டையோட்டு அந்து அது. மேல் இறக்கை மரப்பட்டை நிறம், கீழ் இறக்கை மஞ்சளில் கறுப்புக் கோடு. மேற்கு ஆசியா தொடங்கி இந்தியா, இலங்கை வழியாக ஜப்பான் வரை இது உண்டு. இதன் அண்ணன் ஒருவனும் நம் நாட்டில் இருக்கிறான். அவன் இன்னும் பெரியவன், கறுப்புக் கூடியவன், கீழ் இறக்கையின் அடியில் கறுப்புத் திட்டு இருக்கும். இரண்டின் புழுவுக்கும் செய்யவேண்டியது ஒன்றுதான்.

சகுனம் ஒன்றுமில்லை. குட்டையான தன் உறிஞ்சுகுழலால் காற்றைத் தள்ளித்தான் அது கீச்சிடுகிறது. அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், நம்புவாரோ தெரியாது. பயப்படவேண்டியது தேன் பெட்டி வைத்திருப்பவர்தான், ஏனென்றால் இது கூட்டுக்குள் நுழைந்து தேன் குடிக்கும். கொம்பும் கொட்டாது.

மருந்து வேண்டாம். பூக்கிற எள்ளில் தேனீ மொய்க்கும் நேரம் இது. அரை ஏக்கருக்குக் கையால் பொறுக்கினாலே போதும். பச்சைப் புழு பச்சை இலையில் லேசில் தெரியாது. அதனால் நிலத்தைப் பாருங்கள்: மிளகளவில் கறுப்பு எச்சம் புதிதாகக் கிடந்தால் நேரே மேலே அண்ணாந்து தேடுங்கள், பக்கவாட்டில் சரிந்த ஏழு கோடுகளோடு தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். காலையிலும் மாலையிலும் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். முதுகில் வெள்ளையாக அரிசி போல ஒட்டியிருக்கும் புழுவை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஒட்டுண்ணிக் குளவியின் கூடு, உங்களுக்காக வேலை செய்கிறது.

பக்கத்தில் கத்தரி இருந்தால் அதையும் பாருங்கள், அதிலும் ஏறும். எள்ளு வெட்டியதும் ஒருமுறை ஆழமாக உழுதுவிடுங்கள். மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழு மேலே வரும். மிச்சத்தைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.