பூரிம் வெள்ளிக்கிழமையில் வந்தால்

யூதர்களின் பூரிம் பண்டிகை வெள்ளிக்கிழமையில் வந்தால், மெகில்லா (எஸ்தர் கதைச் சுருள்) வாசிப்பு, பிறருக்கு அனுப்பும் பலகாரப் பெட்டி, விருந்து எல்லாம் முடித்து, அன்று மாலை தொடங்கும் ஓய்வுநாளான சபாத்துக்கு விளக்கேற்ற நேரமே இருக்காதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 2025 மார்ச் 14 வெள்ளியன்று பூரிம் வந்தபோது நானும் இப்படித்தான் தவித்தேன். விருந்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை பூரிமில் நண்பகலுக்குள் முடிப்பதுதான் வழக்கம். பூரிம் தொடங்கும் வியாழன் இரவே சாப்பிட்டால் கணக்கில் சேராது, பகலில்தான் வேண்டும்.

பெட்டி ஒருவருக்குப் போனாலே கடமை தீர்ந்தது: இரண்டு ஹமான்தாஷன் (முக்கோணப் பலகாரம்), ஓர் ஆரஞ்சு, அவ்வளவுதான். இருபது வீட்டுக்கு அலைவதைவிட, பூரிமில் ஏழைகள் இருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கூட்டிக் கொடுங்கள். யூதச் சட்ட அறிஞர் மைமோனிதீஸ் சொன்னதும் அதையே.

அப்புறம், சோலெந்துக்கான (சபாத்துக்காக மெல்ல வேகவைக்கும் குழம்பு) பீன்ஸை வியாழன் ராத்திரியே ஊறப்போட்டு, விருந்துக்கு உட்காருமுன் இறைச்சியோடு அடுப்பில் ஏற்றிவிடுங்கள். சபாத் மேசைக்கு வேறெதுவும் புதிதாகச் சமைக்காதீர்கள்.