நாகையில் கப்பலேறி மலேயா போன அப்பாவின் வாழ்க்கையை எழுத எங்கிருந்து தொடங்குவது?

அப்பா திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தவர், ஐம்பதுகளில் மலேயா போனவர், அம்மாவையும் பிள்ளைகளையும் பிறகு அழைத்துக்கொண்டவர், தலைத்திவசத்துக்குள் ஒரு சிறு நூல் எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

"பாசமானவர், உழைப்பாளி" என்று தொடங்காதீர்கள். எல்லா நினைவு மலரிலும் அதுதான் இருக்கிறது. முதலில் தேதிகளைத் திரட்டுங்கள்.

பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பவேண்டாம். சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவது அந்தக் காலத்தில் சகஜம். பாஸ்போர்ட்டிலும் அதுவே ஏறியிருக்கும். ஜாதகம் இருந்தால் அதைப் பாருங்கள், அதில் தமிழ் வருஷமும் மாதமும் இருக்கும். உதாரணத்துக்கு, தாது வருஷம் 1936 ஏப்ரல் நடுவில் பிறந்தது. ஆகவே 'தாது வருஷம் தை மாதம்' என்றால் 1937 ஜனவரி-பிப்ரவரி. பலரும் 1936 என்றே எழுதிவிடுகிறார்கள். பிறப்புப் பதிவேட்டில் பெரும்பாலும் பெயர் இருக்காது, 'ஆண் குழந்தை' என்றிருக்கும். தாத்தா பெயரை வைத்துத் தேடுங்கள்.

பயணத்துக்குப் பழைய பாஸ்போர்ட்டின் முத்திரை போதும். அந்தத் தடத்தில் பேர்போன கப்பல் 'ரஜூலா': சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர். நாகையில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். இதை விடாமல் எழுதுங்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. 1953-ல் மலேயாவில் குடிநுழைவு விதிகள் இறுகின; அப்பா போனது அதற்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து அம்மா போய்ச் சேர்ந்த கதையும் மாறும். ஊர்ப் பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "52 புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள். நாகையை அந்தப் புயல் தாக்கியது 1952 நவம்பர் 30.

பெரும்பாலோர் எடுத்தே பார்க்காதது நிலப் பத்திரம். மலேயாப் பணம் டெல்டாவில் கடனை அடைக்கும், ஓட்டுவீடு கட்டும், மிச்சமிருந்தால் நஞ்சை வாங்கும். கிரையப் பத்திரத்தில் வாங்குபவரின் தகப்பனார் பெயர், வசிக்கும் ஊர், அவருக்காகப் பவர் வைத்துக் கையெழுத்திட்டவர் எல்லாம் வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) கேளுங்கள். கணினியில் பெரும்பாலும் 1975 முதல்தான். முந்தியதற்குத் தனியே மனுப் போடவேண்டும். எண்பதுகளின் யு.டி.ஆருக்குப் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பின் உட்பிரிவு எண் மாறியிருக்கும், இன்றைய பட்டாவிலுள்ள சர்வே எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய பத்திரம் அகப்படாது. பழைய சர்வே எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். 'மூணு மா' என்றிருந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். நிலம் சித்தப்பா பெயரில் வாங்கப்பட்டிருந்தால் அதுவும் அப்பாவைப் பற்றிய செய்திதான், ஆனால் அச்சில் போடுமுன் அவர் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

'திருவாரூர் மாவட்டத்தில் பிறந்தார்' என்று எழுதாதீர்கள். அந்த மாவட்டம் உருவானது 1997-ல். அப்போது தஞ்சாவூர் ஜில்லா. தாலுகாவையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே பெயரில் மேல, கீழ என்று பல ஊர்கள் உண்டு. மலாயாக் காகிதங்களில் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். அப்பா கையெழுத்திட்ட வடிவத்தையே நூல் முழுக்கப் பின்பற்றி, மற்றவற்றை ஒருமுறை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

காகிதங்களைப் படமாகப் போடும்போது பாஸ்போர்ட் எண், அடையாள அட்டை எண், சர்வே எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள்.