கனிஷ்காவும் கனடாவில் பேசத் துணிந்தவர்களும்

கேள்வி: வேலையும் வீடும் பாதுகாப்பும் கிடைத்த நாட்டில் குடியேறிய பிறகும் சிலர் ஏன் தீவிரவாதத்தின் பக்கம் சாய்கிறார்கள்? 1985இல் கனடாவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தைத் தகர்த்த சீக்கியத் தீவிரவாதிகளை அவர்களுடைய சமூகம் ஏன் தட்டிக்கேட்கவில்லை?
– வாசகர், திருச்சி

பதில்: தட்டிக்கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்களைக் காப்பாற்றத்தான் ஆளில்லாமல் போனது.

1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததும், அதே ஆண்டு நவம்பரில் டெல்லித் தெருக்களில் சீக்கியர்கள் கொன்று குவிக்கப்பட்டதும் உலகெங்கும் சீக்கியர் மனத்தைப் பிளந்தன. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பஞ்சாபில் இருந்தவருக்கு அறுவடையும் அக்கம்பக்கமும் ஊரடங்கும் அன்றாட வாழ்க்கையாக இருக்க, வான்கூவரில் இருந்தவருக்கோ பொற்கோயில் வளாகத்தில் இடிந்த அகால் தக்த் பீடத்தின் படம் மட்டுமே ஊராக எஞ்சியது. தூரத்தில் இருப்பவர் பழிவாங்கலின் விலையைத் தன் தெருவில் கொடுக்க வேண்டியதில்லை என்பதை சீக்கியருக்குத் தனி நாடு கேட்டு ஆயுதம் எடுத்த பப்பர் கால்சா போன்ற அமைப்புகள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தன.

1985 பிப்ரவரியில், வன்முறையைக் கண்டித்துப் பேசிய வழக்கறிஞர் உஜ்ஜல் தோசாஞ்ச் வான்கூவரில் இரும்புக் கம்பியால் தலையில் தாக்கப்பட்டார். ஜூனில், அதே நகரின் விமான நிலையத்துக்கு எம். சிங் என்ற பெயரில் வந்த ஒருவர், தன் இருக்கை உறுதியாகாத நிலையிலும் பெட்டியை நேரே டெல்லிக்கு அனுப்பும்படி பிடிவாதம் பிடித்தார். ஊழியர் இறுதியில் இணங்கிவிட்டார். பெட்டி ஏறியது, அவர் ஏறவில்லை. ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் விமானம் வெடித்து 329 பேர் மாண்டார்கள். பாட்டி வீட்டுக்கு விடுமுறைக்குப் புறப்பட்ட குழந்தைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

பஞ்சாபிப் பத்திரிகை ஆசிரியர் தாரா சிங் ஹேயர் தொடக்கத்தில் காலிஸ்தான் என்ற தனி நாட்டுக் கோரிக்கையை ஆதரித்தவர். பிறகு அதன் பெயரால் நடந்த கொலைகளைக் கண்டித்து எழுதினார். 1988இல் சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் முடங்கியும் எழுதுவதை நிறுத்தவில்லை. கனிஷ்கா வழக்கில் காவல்துறைக்கு வாக்குமூலமும் கொடுத்தார். 1998 நவம்பரில், சர்ரே நகரில் தன் வீட்டுக் கார் கொட்டகையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நிலைமை இப்படி இருக்க, சமூகத்தின் மௌனத்தைச் சம்மதம் என்று படிப்பது பெரிய அநீதி.

அரசும் கைவிட்டது. உளவுத்துறை பதிவுசெய்த தொலைபேசி ஒலிநாடாக்களில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கனடாக் குடிமக்களாக இருந்தும், அந்நாட்டுப் பிரதமர் பிரையன் மல்ரோனி ராஜீவ் காந்தியை அழைத்து இரங்கல் தெரிவித்தார். இந்தக் குண்டுவெடிப்புக்காக இந்தர்ஜித் சிங் ரேயாத் ஒருவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார். 2005இல் குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவர் விடுதலையான விசாரணையில் ஹேயரின் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க முடியவில்லை; குறுக்கு விசாரணைக்கு அவர் உயிரோடு இல்லை.