சிறிய ஊர்கள் சுவாரஸ்யமான சகோதர நகரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சகோதர நகரம் என்பது வேறொரு நாட்டில் உங்கள் ஊர் முறைப்படி நட்பு பூணும் ஊர். அதைத் தேடும்போது மக்கள்தொகை, தொழில், தட்பவெப்பம் என்று பொருத்தம் பார்ப்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். உங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு கதை இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இணை ராபின்வேலும் வில்லேர்-பிரெத்தனூவும். ராபின்வேல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ரே ஆற்றங்கரையில் திராட்சையும் பாதாமும் விளையும் சிற்றூர். வில்லேர்-பிரெத்தனூ, பிரான்சின் வடக்கே அமியேன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1918 ஏப்ரலில் ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட அந்த ஊரை ஆஸ்திரேலியப் படைகள் முன்னின்று இரவோடு இரவாகப் போரிட்டு மீட்டன. அடுத்த மாதமே அதே வட்டாரத்தில் விமானத்தோடு விழுந்து இறந்துபோனார் ராபின் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். அவர் நினைவாகக் குடும்பத்தார் வைத்த பெயர்தான் ராபின்வேல்.

போரில் இடிந்த பிரெஞ்சுப் பள்ளியைத் திரும்பக் கட்ட விக்டோரியாவின் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சில்லறையாகக் காசு சேர்த்தார்கள். 1927இல் பள்ளி திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவை மறக்காதே என்ற வாசகம் இன்றும் அதன் முற்றத்தில் இருக்கிறது. மறக்கவும் இல்லை. 2009 பிப்ரவரியில் விக்டோரியாவில் பரவிய காட்டுத்தீ ஸ்ட்ராத்யூவன் என்ற சிற்றூரின் பள்ளியை எரித்துவிட, அதைக் கட்டியெழுப்ப வில்லேர்-பிரெத்தனூ மக்கள் நிதி திரட்டினார்கள். இதை முதலில் அறிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எல்லா ஊருக்கும் இப்படியொரு வரலாறு அமையாது. பெயரே போதும் என்று துணிந்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் டல் கிராமமும் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துப் போரிங்கும் 2012இல் கைகோத்தன. ஆஸ்திரேலியாவின் பிளாண்ட் வட்டாரமும் பிறகு சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் சலிப்பூட்டுவது, சுவையற்றது என்று பொருள்படும் பெயர்களை வைத்தே மூன்று இடங்களும் உலகச் செய்தியாகிவிட்டன! இங்கிலாந்தின் விட்வெல் கிராமத்தாரோ, ழாக் சிராக் பாரிஸ் மேயராக இருந்தபோது, குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்றே கொள்வோம் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் வரவில்லை. பாரிஸோடு இணைந்த ஊர் என்று பலகை வைத்துவிட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் பாரிஸிலிருந்து யாரும் விட்வெல்லுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. அதனால்தான் ராபின்வேலை மேலே வைக்கிறேன்.

உங்கள் ஊரில் தேடலைக் கல்லறைத் தோட்டத்திலும் பழைய பள்ளிப் பதிவேடுகளிலும் தொடங்கலாம். இங்கிருந்து போனவர்கள் எங்கே குடியேறினார்கள், வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று மூத்தவர்களைக் கேளுங்கள். ஊர் அகப்பட்டதும் முதல் கடிதத்தை அங்குள்ள பள்ளிக்கு அனுப்புங்கள். மேயருக்கு அடுத்த தேர்தல் வரைதான் ஆர்வம் இருக்கும்; பள்ளிக்கு ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வருவார்கள்.