ஜன்னல் கேட்டால் எடை என்கிறார்கள்: விண்கல உட்புறம் பற்றிக் கேள்வி பதில்

விண்கலத்தின் உட்புற வடிவமைப்பு பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். ராக்கெட் எரிபொருள் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

மேடம், எடையே இல்லாத இடத்தில் படுக்கையறை எதற்கு?

படுக்கை வேண்டாம், அறை வேண்டும். தூக்கப்பையைச் சுவரில் கட்டிக்கொண்டு தூங்கலாம். சிக்கல் காற்றில் இருக்கிறது. சூடான காற்று மேலே எழும்புவது அங்கே நடக்காது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கும், கரியமில வாயு கூடித் தலை வலிக்கும். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தூங்கும் அறைக்குள் எப்போதும் காற்று ஓடவேண்டும். அதற்கு விசிறி, விசிறி என்றால் இரைச்சல். மெதுவாக்கினால் தலைவலி, வேகமாக்கினால் தூக்கம் போச்சு. எங்கள் வேலையில் பாதி இந்தப் பஞ்சாயத்துதான்.

நாற்காலி, மேசை?

நாற்காலி வேண்டாம். எடையின்மையில் உடம்பைத் தளர விட்டால் முழங்கால் லேசாக மடங்கும், கைகள் முன்னால் மிதக்கும். அதை நாற்காலியில் மடக்கி வைக்க வயிற்றை இறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலேபில் 1973லேயே தெரிந்துபோன விஷயம். கால் மாட்ட ஒரு கம்பி போதும். மேசை கட்டாயம் வேண்டும், எல்லோரும் சேர்ந்து சாப்பிட. சோபா போட்ட விண்கலப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

செயற்கை ஈர்ப்பு வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே?

அதற்குக் கலத்தைச் சுழற்றவேண்டும். நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியளவு ஈர்ப்பு வேண்டுமென்றால் ஆரம் சுமார் 224 மீட்டர். கட்டித் தருகிறீர்களா?

உள்ளே என்ன நிறம் அடிப்பார்கள்?

சோவியத் விண்கலங்களுக்கு உட்புறம் வடிவமைத்த கலீனா பலஷோவா, தரைக்கு அடர்நிறமும் கூரைக்கு வெளிர்நிறமும் கொடுத்தார். எது 'கீழே' என்று கண் தீர்மானித்துக்கொள்ள அதுவே போதும். சோயூஸ் விண்கலத்துக்குள் மாட்ட நீர்வண்ணக் காட்சிகளும் தானே வரைந்தார். அவை மாட்டியிருந்த பகுதி பூமிக்குத் திரும்பாமல் எரிந்துவிடும். படங்களும் கூடவே போயின.

ஜன்னல் வீண் எடைதானே அக்கா? கேமரா படம் காட்டும் திரை வைத்தால் போதாதா?

ஸ்கைலேப் பொறியாளர்களும் இதையேதான் சொன்னார்கள். நாசா அமர்த்திய வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி, ஜன்னல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வைத்தார்கள். ஓய்வு நேரத்தில் வீரர்கள் விரும்பிப் போனது அந்த ஜன்னலுக்குத்தான். திரையைப் பார்க்கும் கண் அரை மீட்டரிலேயே குவிந்திருக்கும். ஜன்னலில் தூரத்துக்குப் போகும்.

2016இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜன்னல் மாடமான குப்போலாவின் கண்ணாடியில் 7 மில்லிமீட்டர் சில்லு விழுந்ததே? ஆபத்தை ஏன் விலைக்கு வாங்கவேண்டும்?

அதற்காகத்தான் நான்கு அடுக்குக் கண்ணாடி, வெளியே மூடும் தகடு. சில்லு விழுந்த பிறகும் குப்போலா இருக்கிறது, வீரர்களும் அங்கேயே கிடக்கிறார்கள்.

குறுக்கே வருகிறேன். ஜன்னல் இல்லாத ஹாஸ்டல் அறையில் இருந்தவன் நான். அந்தத் தம்பியை ஒரு மாதம் அங்கே போடுங்கள்.

நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார்.

சரி, செவ்வாய்க்குப் போகும்போது பூமியே புள்ளியாகிவிடுமே. எதைப் பார்க்க ஜன்னல்?

இது நல்ல கேள்வி. நிலவைத் தாண்டி வெகுதூரம் மனிதர் போனதில்லை, அதனால் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல ஆளில்லை. என் கட்சி: அப்போதும் ஒன்றாவது வேண்டும். பூமியைப் பார்க்கும் சுகம் இல்லாத கலத்தில் தனி அறைக் கதவு, மேசை, வெளிச்சம் ஆகியவற்றை இன்னும் கவனமாகச் செய்யவேண்டும். எடை குறைக்கும் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவதும் இவைதான்.

சுழலும் நிலையம் கட்டினால் ஈர்ப்பு கிடைக்குமே?

மேலே பாருங்கள். 224.

ககன்யானில் தனி அறை உண்டா?

3 பேர், 3 நாள் என்று திட்டமிட்ட பயணம். அத்தனை சிறிய கலத்தில் எதிர்பார்க்காதீர்கள். நாள் கூடினால்தான் கதவு அவசியமாகும். வரைபடம் என்று யாராவது படுக்கையறை காட்டினால், சோபாவுக்குச் சொன்னதே அதற்கும்.

ஜன்னலைத் திறக்க முடியுமா?

முடியாது.