பின்வாங்கினாரா, வாபஸ் பெற்றாரா?

கேள்வி: பின்வாங்குதல், பின்னடைவு, வாபஸ் மூன்றையும் செய்திகளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எதை எங்கே எழுதுவது?

பதில்: ‘பின்வாங்கு’ என்பதில் உள்ள ‘வாங்கு’, காசு கொடுத்து வாங்குவதல்ல. வளைதல், இழுத்தல் என்பவை அதன் பழைய பொருள்கள். ‘கடல் உள்வாங்கியது’ என்கிறோமே, அங்கே அந்த வாடை இன்னும் இருக்கிறது.

‘பின்வாங்கு’ செயப்படுபொருள் ஏற்காது. பிழையெல்லாம் இங்கேதான் நுழைகிறது. ‘படை பின்வாங்கியது’ சரி; ‘அரசு படையைப் பின்வாங்கியது’ தவறு. அரசு படையை விலக்கிக்கொள்ளும், அல்லது திரும்ப அழைத்துக்கொள்ளும். ‘வாக்குறுதியைப் பின்வாங்கினார்’ என்பதும் அப்படித்தான்; ‘வாக்குறுதியிலிருந்து’ என்று வர வேண்டும். ‘ஐ’ உருபை விட மனமில்லையென்றால் ‘புகாரை வாபஸ் பெற்றார்’, ‘திரும்பப் பெற்றார்’ என்று எழுதலாம். வாபஸ் பாரசீகச் சொல்தான். அதற்காக விரட்ட வேண்டியதில்லை, தலைப்பில் இடம் மிச்சம்.

தேர்தல் செய்தியில் கூடுதல் கவனம் வேண்டும். கெடுவுக்குள் வேட்புமனுவை வாபஸ் பெறலாம். கெடு முடிந்தபின் ஒருவர் ஒதுங்கினால் ‘போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்’ என்றே எழுத வேண்டும். வாக்குச்சீட்டில் அவர் பெயர் அப்படியேதான் இருக்கும். வாக்கு எண்ணும்போது வருவது பின்னடைவு. அது அவராக எடுத்த முடிவல்ல, நேர்வது.

கேள்வி: பின்வாங்குவதும் புறமுதுகு காட்டுவதும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. புறமுதுகில் இகழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததை, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டதை, புறநானூறு பாடுகிறது. வேல் வரும்போது கண் இமைத்தாலே அது ‘ஓட்டு’, அதாவது தோற்றோடுதல், என்கிறது 775ஆம் குறள். ஆனால் அதே வள்ளுவர் 486இல் ‘பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்கிறார். முட்டப் போகும் கிடா நாலடி பின்னால் போகிறதே, அந்தப் ‘பேர்தல்’தான் நம் பின்வாங்கல். படைத் தந்திரம் பற்றிய செய்தியில் புறமுதுகு என்று எழுதினால் தீர்ப்பும் சேர்த்து எழுதியதாகிவிடும்.

கேள்வி: குடியை நிறுத்தியதும் வரும் கைநடுக்கம் முதலானவற்றைப் ‘பின்வாங்கல் அறிகுறிகள்’ எனலாமா?

பதில்: வேண்டாம். ‘விலகல் அறிகுறிகள்’ என்பதே புழக்கம். ஆங்கிலத்தில் இதற்கும் வங்கியில் பணம் எடுப்பதற்கும் ஒரே சொல், ‘withdrawal’. தமிழில் வங்கியில் பணத்தை ‘எடுக்கிறோம்’, அவ்வளவுதான்.